வீட்டில் ஒருவருக்குத் தொற்றுக் காய்ச்சல் வந்தால்: தோட்டப்புறக் குடும்பங்களுக்கு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டக் குடியிருப்பு ஒன்றை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். இரண்டு மூன்று அறை, ஒரே குளியலறை, ஏழெட்டுப் பேர். அதில் தாத்தாவுக்கு இனிப்பு நீர், பாட்டிக்கு ரத்த அழுத்தம், ஒரு கைக்குழந்தை. "நோயாளிக்குத் தனி அறை, தனிக் குளியலறை ஒதுக்குங்கள்" என்று அச்சடித்துக் கொடுக்கும் தாள்கள் இந்த வீட்டுக்குப் பொருந்தாது.

கோவிட் காலத்திலும் பிறகு வந்த இன்புளுவென்சா பரவலிலும் வீடு வீடாக உதவப் போனதில் ஒன்று புரிந்தது. நம் மக்கள் செய்யும் காரியங்களில் பெரிதாகத் தப்பில்லை. வரிசைதான் தப்பு. சோதனை முடிவு வரட்டும் என்று காத்திருந்துவிட்டு அப்புறம் பிரித்து வைக்கிறார்கள். ஜன்னலைச் சாத்திவிட்டு மேசையைத் துடைக்கிறார்கள். அதனால் கீழே உள்ளவற்றை வரிசை மாற்றாமல் செய்யுங்கள்.

1. எந்த வழியில் பரவுகிறது என்று முதலில் பாருங்கள்

நம் பக்கம் அடிக்கடி வரும் காய்ச்சல்களை மூன்று வழிகளில் அடக்கிவிடலாம். இன்புளுவென்சா, கோவிட், தட்டம்மை ஆகியவை முக்கியமாக மூச்சுக் காற்றில் பரவும். கை, கால், வாய்ப்புண் நோய் எச்சில், சளி, கொப்புள நீர், மலம் பட்ட கையால் அதிகம் பரவும். டிங்கி கொசுவால் வரும். நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டாது.

இதை முதல் படியாக வைக்கக் காரணம் உண்டு. வழி தெரியாமல் செய்யும் பாதுகாப்பு, உழைப்புக்குத்தான் கேடு. 1998-99இல் பேராக்கிலும் நெகிரி செம்பிலானிலும் மூளைக் காய்ச்சல் பரவியபோது, அதை ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று எண்ணிக் கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசியும் போட்டார்கள். வந்தது பன்றிகளிடமிருந்து பரவிய நிபா வைரஸ். 265 பேரைத் தாக்கி 105 பேரைக் கொண்டுபோனது.

இந்த வழிகாட்டி பெரும்பாலும் மூச்சுக் காற்றில் பரவும் காய்ச்சலைப் பற்றியது. சின்னப் பிள்ளைகளின் வாய்ப்புண் நோய்க்கு மாற வேண்டிய இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

2. காய்ச்சல் வரும் முன்பே வாங்கி வையுங்கள்

இரவு பதினொரு மணிக்குக் குழந்தைக்கு உடம்பு கொதித்தால் தோட்டத்து மளிகைக் கடை திறந்திருக்காது. டவுன் மருந்தகமும் மூடியிருக்கும். டிஜிட்டல் தெர்மாமீட்டர், முகக்கவசம் ஒரு பெட்டி, பாராசிட்டமால் (பெரியவர்களுக்கு மாத்திரை, பிள்ளைகளுக்குச் சிரப்), உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், சோப்பு, கிளோரோக்ஸ் போன்ற வெளுப்பான், விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி, கோவிட்டையும் இன்புளுவென்சாவையும் சேர்த்துப் பார்க்கும் சோதனைப் பெட்டி இரண்டு. இவ்வளவு போதும். எல்லாவற்றையும் ஒரே பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள். தேடும் நேரம் மிச்சம்.

முகக்கவசத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். துணிக் கவசத்தைவிட மூன்று அடுக்கு மருத்துவக் கவசம் மேல். அதைவிட முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் என்95 அல்லது கேஎப்94 வகைக் கவசம் மேல். பராமரிக்கப் போகிறவருக்கு மட்டுமாவது என்95 ஐந்தாறு வாங்கி வைத்தால் நல்லது.

பொருளை விட அதிகம் மறந்துபோவது மூன்று விஷயங்கள். தாத்தா, பாட்டி தினமும் சாப்பிடும் மருந்துகளின் பெயர்களைத் தாளில் எழுதுங்கள்; அவசரத்தில் "வெள்ளை மாத்திரை, காலையில ஒன்னு" என்று சொன்னால் டாக்டருக்கு எதுவும் விளங்காது. அந்த மருந்துகள் இரண்டு வாரத்துக்காவது கையில் இருக்க வேண்டும். நடுராத்திரியில் யார் கார் எடுப்பார் என்று இப்போதே பேசி வையுங்கள். மோட்டாரில் மூச்சுத் திணறும் ஆளை உட்கார வைத்துக்கொண்டு போக முடியாது.

தடுப்பூசியும் இந்தப் படியில்தான் வரும், பரவல் தொடங்கிய பிறகு அல்ல. இன்புளுவென்சா ஊசி வேலை செய்ய ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும்; ஆண்டுதோறும் போட வேண்டும். குழந்தைகளுக்குத் தட்டம்மை ஊசி 9 மாதத்திலும் 12 மாதத்திலும். வீட்டுப் பிள்ளைகளின் ஊசிப் புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

3. அறையைத் தேர்ந்தெடுங்கள்: காற்று எந்தப் பக்கம் போகிறது?

இதில்தான் நிறைய நேரம் செலவிட வேண்டும். ஆனால் இதைத்தான் யாரும் செய்வதில்லை.

சாதாரணமாகப் பெரிய அறையை நோயாளிக்குக் கொடுப்பார்கள், அல்லது ஏர்கான் இருக்கும் அறையை. இரண்டுமே சரியான கணக்கு இல்லை. ஏர்கான் போட்டால் ஜன்னல் மூடியிருக்கும். உள்ளே இருக்கும் காற்றே சுற்றிச் சுற்றி வரும். வெளிச் சுவரில் ஜன்னல் உள்ள, வீட்டின் கோடியில் இருக்கும் அறைதான் வேண்டும். சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.

ஓர் ஊதுவத்தியைக் கொளுத்திக்கொண்டு அந்த அறையின் கதவைக் கையளவு திறந்து, இடுக்கில் பிடித்துப் பாருங்கள். புகை அறைக்குள் இழுக்கப்பட்டால் நல்லது. கூடத்தின் பக்கம் வந்தால், நோயாளி விடும் மூச்சும் அதே வழியில் கூடத்துக்கு வருகிறது என்று பொருள். அப்போது நிற்கும் விசிறியை அறை ஜன்னலருகே, வெளியே பார்த்தபடி வைத்து ஓடவிடுங்கள். பிறகு மறுபடி ஊதுவத்தி. பல வீடுகளில் இந்த ஒரு மாற்றத்திலேயே புகை திரும்பிவிடும். கூடத்து ஜன்னலையும் திறந்து வையுங்கள்; அறையிலிருந்து வெளியேறும் காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது புதுக் காற்று வர வேண்டுமே. சோதித்து முடித்ததும் ஊதுவத்தியை அணைத்துவிடுங்கள். இருமுகிறவர் இருக்கும் வீட்டில் சாம்பிராணியும் வேண்டாம். புகை வைரஸைக் கொல்லாது, இருமலைத்தான் கூட்டும்.

நோயாளியின் தலைக்கு நேரே கூரை விசிறியை வேகமாகச் சுற்றவிட்டுக் கதவையும் திறந்து வைப்பதுதான் நான் அதிகம் பார்த்த கோளாறு. அது காற்றை வெளியேற்றாது, வீடு முழுக்கப் பரப்பிவிடும்.

பழைய லயத்து வீடுகளில் இன்னொரு சிக்கல். நடுச்சுவர் கூரைவரை எட்டாது. பக்கத்து வீட்டில் கருவாடு பொரித்தால் நம் வீட்டில் மணக்கிறதா? அப்படியானால் நம் வீட்டு மூச்சும் அங்கே போகிறது. அந்த இடைவெளியைக் கன்வாஸ் அல்லது தடித்த பிளாஸ்டிக் கொண்டு தற்காலிகமாக அடையுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் காரணத்தையும் சொல்லிவிடுங்கள். அவர் வீட்டில் வயதானவர் இருந்தால், அவருடைய படுக்கையைப் பொதுச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டுக்கொள்வார்.

தனி அறையே இல்லையென்றால் ஜன்னலோரம் நோயாளிக்கு, முடிந்த அளவு தூரத்தில் மற்றவர்களுக்கு. மழை இல்லாத பகலில் நோயாளி வாசல் திண்ணையில் உட்காரலாம். திறந்த வெளியில் வைரஸ் சீக்கிரம் கலைந்துபோகும். "காத்து கறுப்பு பட்டுடும்" என்று அவரை உள்ளேயே அடைத்து வைப்பது மற்றவர்களுக்குத்தான் ஆபத்து.

4. முதல் அறிகுறியிலேயே பிரியுங்கள், சோதனை அப்புறம்

தொண்டை கரகரப்பு, உடம்பு வலி, காய்ச்சல். ஊரில் பரவல் இருக்கும்போது இவற்றில் ஒன்று தெரிந்ததும் படுக்கையை மாற்றுங்கள். இன்புளுவென்சா வந்தவர் அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பரப்பத் தொடங்கிவிடுவார். கோவிட்டும் அப்படித்தான், ஒன்றிரண்டு நாள் முன்பே. நீங்கள் இருமலைக் கேட்கும்போதே தாமதமாகிவிட்டது. சோதனைக்காக இன்னொரு நாள் கொடுக்காதீர்கள்.

அம்மை போட்டால் நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? வாசலில் வேப்பிலை செருகுகிறோம். வெளியாள் வருவதில்லை, வீட்டாள் விசேஷத்துக்குப் போவதில்லை, தண்ணீர் ஊற்றும்வரை எல்லாரும் காத்திருக்கிறார்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அதே கட்டுப்பாட்டை இருமல் காய்ச்சலுக்கும் கொண்டுவந்தால் பாதி வேலை முடிந்தது.

முதல் நாளில் "எனக்கு ஒன்னும் இல்ல, நெகட்டிவ்" என்று ஒருவர் கூடத்துக்கு வந்து எல்லாருடனும் டிவி பார்ப்பார். ஆரம்ப நாளில் வீட்டுச் சோதனை தவறவிடுவது சகஜம். அறிகுறி இருக்கும்வரை பிரிவு தொடரட்டும். 48 மணி நேரம் கழித்து இரண்டாவது பெட்டியைப் பயன்படுத்துங்கள்.

முதியவர், கர்ப்பிணி, இனிப்பு நீர், இருதயம், ஆஸ்துமா உள்ளவர், சின்னக் குழந்தை என்றால் "ரெண்டு நாள் பார்ப்போம்" கூடாது. இன்புளுவென்சாவுக்கான மருந்து 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். கோவிட் மாத்திரை 5 நாளுக்குள். கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில், குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). போகும்போது முகக்கவசத்துடன் போய், முகப்பிலேயே காய்ச்சல் இருமல் என்று சொல்லிவிடுங்கள். தனி இடத்தில் உட்காரவைப்பார்கள்.

5. பராமரிக்க ஒரே ஓர் ஆள்

அம்மா கஞ்சி கொடுப்பார், அக்கா நெற்றி தொட்டுப் பார்ப்பார், பாட்டி விபூதி பூசிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அன்புதான். ஆனால் மூன்று பேரும் அடுத்த வாரம் படுப்பார்கள். உடல்நலமுள்ள, கர்ப்பமில்லாத, ஓரளவு இளவயதான ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். பாட்டி வாசலில் நின்று விபூதியை அவர் கையில் கொடுத்தனுப்பட்டும்.

உள்ளே போகும் வரிசை: கை கழுவு, முகக்கவசம் போடு, மூக்குப் பாலத்தில் கம்பியை அழுத்து, கன்னத்தோரம் காற்று கசிகிறதா என்று ஊதிப் பார், பிறகு உள்ளே போ. உள்ளே இருக்கும்போது ஜன்னல் பக்கம் நோயாளி, கதவுப் பக்கம் நீங்கள். காற்று உங்களைக் கடந்து அவரிடம் போய் வெளியேறும்.

வெளியே வரும் வரிசைதான் தப்பும். அறைக்குள்ளேயே கவசத்தைக் கழற்றிவிட்டு வருகிறார்கள், அதுவும் முன்பக்கத்தைப் பிடித்து. வெளியே வந்து, கதவைச் சாத்தி, கை கழுவி, காதுக் கயிற்றைப் பிடித்துக் கழற்றி, மூடியுள்ள குப்பைத் தொட்டியில் போட்டு, மறுபடியும் கை கழுவுங்கள். சோப்பும் தண்ணீரும் 20 விநாடி. தண்ணீர் வெட்டு நாளில் குறைந்தது 60 சதவீத ஆல்கஹால் உள்ள கைச்சுத்திகரிப்பான்.

நோயாளியும் ஆள் உள்ளே வரும்போது கவசம் போட வேண்டும். மூச்சுத் திணறுகிறவருக்கும் 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கும் போடாதீர்கள்.

குளியலறையை நோயாளி கடைசியாகப் பயன்படுத்தட்டும். கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து, அரை மணி நேரமாவது காற்றாடவிட்டு அடுத்தவர் போகலாம். அவருடைய தட்டையும் டம்ளரையும் தூக்கியெறிய வேண்டியதில்லை. சாதாரண பாத்திரச் சோப்பில் கழுவினாலே போதும்.

6. துடைப்பது: சோப்பு முதலில், வெளுப்பான் பிறகு

மூச்சுக் காற்று நோய்களில் துடைப்பது இரண்டாம் பட்சம்தான். கதவுப் பிடி, குழாய், சுவிட்ச், கைப்பேசி ஆகியவற்றை நாளுக்கு ஒருமுறை துடைத்தால் சரி.

கை, கால், வாய்ப்புண் நோய் வந்த வீட்டில் கதை வேறு. அந்த வைரஸுக்கு ஆல்கஹால் கைச்சுத்திகரிப்பான் சரியாக வேலை செய்யாது. சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும், பொருள்களுக்கு வெளுப்பான். காய்ச்சல் விட்டுக் கொப்புளம் காய்ந்த பிறகும் பல வாரம் மலத்தில் வைரஸ் வெளியேறும். டயப்பர் மாற்றிய கையைக் கழுவும் வழக்கம் கொப்புளத்தோடு முடிந்துவிடக் கூடாது.

கலவை இதுதான். வெளுப்பான் 5 சதவீதம் என்று போத்தலில் இருந்தால், ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீருக்கு 20 மில்லி. மலம், வாந்தி சிந்திய இடத்துக்கு ஒரு பங்கு வெளுப்பானுக்கு ஒன்பது பங்கு தண்ணீர். முதலில் அழுக்கைச் சோப்பால் எடுங்கள். அழுக்கின் மேலேயே ஊற்றினால் வெளுப்பானின் வலு அழுக்கோடு போய்விடும். பிறகு பூசி 10 நிமிடம் ஊறவிட்டுத் துடையுங்கள். பிள்ளை வாயில் வைக்கும் பொம்மையை அதற்குமேல் நல்ல தண்ணீரில் அலசுங்கள். சுடுதண்ணீரில் கலக்காதீர்கள், நேற்றுக் கலந்ததை இன்று பயன்படுத்தாதீர்கள்; இரண்டிலும் வலு குறையும்.

கக்கூஸ் கழுவும் அமிலத்தோடு வெளுப்பானை ஒருபோதும் சேர்க்க வேண்டாம். கிளம்பும் வாயு நுரையீரலைப் பதம் பார்க்கும். "ரெண்டும் போட்டா டபுள் சுத்தம்" என்ற எண்ணம் நம் பக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது.

7. காய்ச்சலைக் கவனிப்பது, டிங்கியை மறக்காமல்

ஊரே இருமும்போது எல்லாக் காய்ச்சலும் இருமல் காய்ச்சலாகத்தான் தெரியும். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறவருக்கு டிங்கியாக இருக்கலாம், எலி மூத்திரத்தால் வரும் லெப்டோஸ்பைரோசிஸாகவும் இருக்கலாம். இருமலோ சளியோ இல்லாத காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, கெண்டைக்கால் வலி என்றால் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். இரண்டு நாளில் விடாத எந்தக் காய்ச்சலுக்கும் அப்படியே.

அதனால் மருந்து பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், ஐபூபுரோபென், டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகள் டிங்கியில் ரத்தக் கசிவைக் கூட்டும். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் வேறு காரணத்தாலும் ஆகாது. பெரியவர்களுக்கு 500 முதல் 1,000 மில்லிகிராம், 4 முதல் 6 மணி நேர இடைவெளியில். நாளுக்கு 4,000ஐத் தாண்டக் கூடாது. ஈரல் கோளாறு உள்ளவரும் தினமும் குடிக்கிறவரும் டாக்டரிடம் கேட்டுவிட்டே எடுக்க வேண்டும். சளி மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் ஏற்கெனவே இருக்கும். பனடோலும் பாராசிட்டமால்தான்; அதோடு சளி மாத்திரையையும் சேர்த்தால் அளவு இரட்டிப்பாகும்.

பிள்ளைகளுக்கு வயதை வைத்து அல்ல, எடையை வைத்துக் கொடுப்பது நல்லது: ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் போகாமல். சிரப்பு 5 மில்லியில் 120 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என்று வெவ்வேறு வலுவில் விற்கிறார்கள். பக்கத்து வீட்டுப் போத்தலுக்கு ஒரு கரண்டி என்றால் உங்கள் போத்தலுக்கும் அதே கரண்டி என்று நினைக்காதீர்கள். ஆவி பிடிக்கக் கொதிநீரைப் பிள்ளையின் முன் வைப்பதையும் விட்டுவிடுங்கள். சளி போகிறதோ இல்லையோ, வெந்துபோகும்.

ஆக்சிஜன் மானியை நகப்பூச்சும் மருதாணியும் இல்லாத, சூடான விரலில் மாட்டி, ஐந்து நிமிடம் ஓய்வாக உட்கார்ந்த பிறகு பாருங்கள். கருமையான தோலில் இது உள்ளதைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டும் என்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். ஆகவே நம்மவர்கள் 95ஐப் பார்த்து நிம்மதியாகிவிடக் கூடாது. நேற்று 98, இன்று 95 என்றால் அந்த இறக்கமே சேதி. 95க்குக் கீழ் போனால் அன்றே மருத்துவமனை.

எண்ணைப் பார்க்காமலே கிளம்ப வேண்டிய நிலைகள்: ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாத மூச்சிரைப்பு, நெஞ்சு வலி, குழப்பமான பேச்சு, எழுப்ப முடியாத தூக்கம், உதடு நீலமாவது, விலா எலும்புக்கு நடுவே உள்வாங்கும் குழந்தையின் மூச்சு, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாதது. டிங்கிக்கு இன்னும் சில: கடும் வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம். டிங்கியில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் அபாய நேரம் என்பதால் "காய்ச்சல் விட்டுடுச்சு" என்று கண்ணயர்ந்துவிடாதீர்கள். அழைக்க வேண்டிய எண் 999. தோட்டத்துக்குள் சாலைப் பெயர் இருக்காது. தோட்டத்தின் பெயர், டிவிஷன், அருகிலுள்ள கோயில் அல்லது தமிழ்ப்பள்ளி என்று சொல்லி, மெயின் ரோட்டு முனையில் ஓர் ஆளை டார்ச் லைட்டோடு நிறுத்துங்கள்.

8. வேலைக்கும் பள்ளிக்கும் சொல்லும் வரிசை

நாள் கூலிக்காரர் காய்ச்சலோடு பெரட்டுக்கு (காலையில் பெயர் கூப்பிடும் இடத்துக்கு)ப் போகக் காரணம் ஒன்றுதான், சம்பளம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி மருத்துவ விடுப்புக்குச் சம்பளம் உண்டு: இரண்டு ஆண்டுக்குக் குறைவான சேவைக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் 18, ஐந்தும் அதற்கு மேலும் 22. ஆனால் டாக்டரின் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) வேண்டும், விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்கவும் வேண்டும். தெரிவிக்காவிட்டால் சொல்லாமல் நின்றதாகக் கணக்காகும். அதனால் கிளினிக்கிலிருந்தே எம்.சி.யைப் படமெடுத்துக் கிராணிக்கோ (தோட்டத்து எழுத்தர்) மண்டோருக்கோ (வேலை மேற்பார்வையாளர்) வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அனுப்பிய நேரம் அதிலேயே பதிவாகும். வாய்வார்த்தையாக நண்பரிடம் சொல்லி அனுப்புவது நிற்காது.

பிள்ளைக்கு என்றால் வகுப்பாசிரியர், ஆயா, பள்ளி வேன் ஓட்டுநர் மூவருக்கும் சொல்ல வேண்டும். வேன்காரரைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். கண்ணாடி மூடிய வேனில் பத்துப் பிள்ளைகள் அரை மணி நேரம் போகிறார்கள். வகுப்பறையைவிட அங்கே நெருக்கம்.

9. வீட்டுக்கு வெளியே

வேலையாட்களை ஏற்றும் லாரி திறந்ததாக இருந்தால் பயம் குறைவு. மூடிய வேன் என்றால் கண்ணாடியை இறக்குங்கள். கோயில் திருவிழாவில் ஊர்வலத்தைவிட அன்னதானக் கூடத்தில்தான் கவனம் வேண்டும்: நெருக்கமாக உட்கார்ந்து, கவசமில்லாமல், சத்தமாகப் பேசிக்கொண்டு சாப்பிடும் இடம் அது. பரவல் நாள்களில் பொட்டலமாகக் கட்டிக் கொடுக்கலாம் என்று கமிட்டியிடம் கேட்டுப் பாருங்கள். சாவு வீட்டுக்குப் போகாமல் இருக்க முடியாது. பந்தலுக்கு வெளியே நின்று விசாரித்துவிட்டு வரலாம்.

கொங்சியில் (தொழிலாளர்கள் சேர்ந்து தங்கும் கொட்டகையில்) இருக்கும் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்களை விட்டுவிடாதீர்கள். ஒரே அறையில் பலர் படுக்கிறார்கள், கிளினிக் செலவும் அவர்களுக்குக் கூடுதல், அதனால் நோயை மறைப்பார்கள். அதே கடை, அதே லாரிதான் நமக்கும். மண்டோர் மூலமாக மலாயில் சொல்லி, காய்ச்சல் வந்தவருக்கு ஒரு காலி அறை ஒதுக்கச் சொல்லுங்கள். ஒரே குடியிருப்பில் பலருக்கு ஒரே சமயத்தில் வந்தால் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிப்பது நல்லது.

10. எப்போது வெளியே வரலாம்?

பாராசிட்டமால் போடாமல் 24 மணி நேரம் காய்ச்சல் இல்லை, மற்ற தொல்லைகளும் குறைகின்றன என்றால் அறையை விட்டு வரலாம். "போடாமல்" என்பதைக் கவனியுங்கள். காலையில் மாத்திரை போட்டுத் தெர்மாமீட்டர் 36.8 காட்டியதும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். பத்து மணிக்குப் பள்ளியிலிருந்து போன் வரும். வெளியே வந்த பிறகும் ஐந்து நாள் வீட்டிலும் கவசம், பாட்டி பக்கத்தில் சாப்பாடு வேண்டாம். வாய்ப்புண் நோய் என்றால் கொப்புளம் காய்ந்து, டாக்டர் சரி என்ற பிறகே பாலர் பள்ளி. எம்.சி. நாள் இன்னும் பாக்கி இருந்தால் அதையும் முடித்துவிட்டுப் போங்கள்.

காய்ச்சல் விட்டு ஓரிரண்டு நாள் நன்றாக இருந்து மறுபடி ஏறினால், இருமல் கெட்டிப்பட்டால், அது வைரஸுக்குப் பின்னால் வந்த நிமோனியாவாக இருக்கலாம். அன்றே கிளினிக். காய்ச்சல் போயும் இருமல் இரண்டு வாரம் தாண்டினால் "சளி இன்னும் இறங்கல" என்று கஷாயத்திலேயே ஓட்டாமல், காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள்.